ஒண்ணேகால் மணிப் பசி

அந்த ஆய்வகத்தில் பேராசிரியருக்குப் பூஜ்யம் என்று பெயர். முகத்துக்கு நேராக யாரும் அப்படிக் கூப்பிட்டதில்லை. முதுகுக்குப் பின்னால் கூப்பிடாதவர்களும் இல்லை. படிப்பில் பூஜ்யம் என்று நினைத்துவிட வேண்டாம், சுவர் முழுக்கப் பட்டம் மாட்டி வைத்திருக்கிற மனிதர். யார் எந்த முடிவைக் கொண்டுபோய் நீட்டினாலும் அவர் கேட்கிற முதல் கேள்வி, "பூஜ்யம் எங்க?" என்பதுதான். ஒன்றுமே இல்லாத மாதிரி ஒன்றையும் கூடவே வைத்துச் சோதித்தாயா, அது ஒன்றுமில்லை என்று காட்டியதா என்று அர்த்தம். இல்லாததை இல்லை என்று சொல்லத் தெரியாத சோதனை, இருக்கிறது என்று சொன்னால் மட்டும் எப்படி நம்புவது என்பார். நியாயமான கேள்விதான். ஆனால் நாளைக்கு முப்பது தடவை கேட்டால் அந்தப் பெயர் வராமல் என்ன செய்யும்?

அவருடைய பூஜ்யம், அக்காவின் ரத்தம்.

அக்கா என்றால் எல்லோருக்கும் அக்கா. அவளைவிடப் பத்து வயது மூத்த பேராசிரியரும் அப்படித்தான் கூப்பிடுவார். செல் வளர்ப்பு அறை அவள் பொறுப்பு. ஆராய்ச்சி என்றால் ஏதோ பெரிய மர்மம் என்று நினைப்பவர்கள் ஒரு நாள் வந்து அவளைப் பார்க்க வேண்டும். காலையில் வந்ததும் கை கழுவ வேண்டும், மேசையைத் துடைக்க வேண்டும், பெட்டிக்குள் முப்பத்தேழு டிகிரிச் சூட்டில் படுத்திருக்கும் குடுவைகளுக்குப் பழைய தீனியை உறிஞ்சிவிட்டுப் புதுத் தீனி ஊற்ற வேண்டும். கைக்குழந்தை வைத்திருக்கிற வீட்டு வேலைக்கும் இதற்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. குழந்தையாவது ஒரு நாள் வளர்ந்து வீட்டை விட்டுப் போகும்.

ஒன்பது வயதில் அவளுடைய கணையம் வேலையை நிறுத்திவிட்டது. முப்பது வருஷமாக நாளைக்கு நாலு இன்சுலின் ஊசி. உடம்பு தானே இன்சுலின் செய்தால், அதோடு சி-பெப்டைட் என்று ஒரு துண்டும் விழும். தையற்கடையில் வெட்டுத்துணி விழுவதைப் போல. மருந்துக்கடை இன்சுலினில் அந்தத் துண்டு இருக்காது. ஆகவே ஒருவர் ரத்தத்தில் அது இருந்தால் உள்ளே தையல் நடக்கிறது என்று பொருள், இல்லையென்றால் கடையைச் சாத்தியாயிற்று என்று பொருள். அக்காவின் ரத்தத்தில் அது துளியும் கிடையாது. வருஷத்துக்கு ஒரு தடவை கையை நீட்டி ஒரு குழாய் ரத்தம் கொடுப்பாள். அதைச் சின்னச் சின்னக் குப்பிகளாகப் பிரித்து உறையவைத்து, ஒவ்வொரு சோதனைக்கும் ஒன்றாக எடுப்பார்கள். சோதனைத் தட்டின் கடைசிக் குழி எப்போதும் அவளுடையது. எத்தனை வருஷமானாலும் அந்தக் குழி தண்ணீர் மாதிரி நிறமில்லாமல் நிற்கும்.

அவளுக்கு ஒரு தம்பி. வீட்டில் அவன் பெயர் ஒண்ணேகால். பள்ளிக்கூடத்து நாளிலிருந்தே மதியம் ஒன்றேகாலுக்கு அவனுக்குப் பசி எடுக்கும். கடிகாரம் தாமதிக்கும், அவன் வயிறு தாமதிக்காது. அந்த நேரத்துக்குத் தட்டு வரவில்லையென்றால் ஆளே வேறு ஆள்; கை நடுங்கும், காது சிவக்கும், பெற்ற தாயையே முறைப்பான். தட்டு வந்துவிட்டால் பரம சாது. இனிப்பு என்றால் உயிர். தராசில் நிறுத்துச் சாப்பிடுகிற அக்கா இருந்த வீட்டில் சர்க்கரை டப்பாவை ஒளித்துவைத்தது அவளுக்காக இல்லை, அவனுக்காக.

"ஒண்ணுக்கும் உதவாத கணையத்தை வெச்சுக்கிட்டு ஏன்க்கா கஷ்டப்படறே? நான் போனா என்னோடதை எடுத்துக்கோ. ரெண்டு ஆளுக்கு வேலை செய்யும் அது," என்பான்.

"வாயை மூடிட்டுச் சாப்பிடு," என்பாள் அவள். வாயை மூடிக்கொண்டு எப்படிச் சாப்பிடுவது என்று அவன் பதிலுக்குக் கேட்பான். இருபது வருஷமாக அதே பேச்சு, அதே பதில், இருவருக்கும் சலிக்கவே இல்லை.

முப்பத்து நாலாவது வயதில், ஒரு செவ்வாய்க்கிழமை காலை வேலைக்குப் போகிற வழியில், பின்னால் பார்க்காமல் எடுத்த லாரி ஒன்று அந்தப் பேச்சுக்கு முடிவு கட்டியது. மூன்று நாள் இயந்திரம் அவனுக்காக மூச்சு விட்டது. நாலாம் நாள் மூளை இறந்துவிட்டது என்று டாக்டர்கள் எழுதினார்கள். அப்போது மணி காலை பதினொன்று நாற்பது. அக்கா சுவர்க் கடிகாரத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். உறுப்புகளைக் கொடுக்கலாம் என்று தம்பி மனைவி கையெழுத்துப் போட்டாள். போடச் சொன்னது அக்கா. நாலு பேருக்குப் பயன்பட்டது. கணையம் மட்டும் அடிபட்டிருந்ததால் யாருக்கும் பொருத்தத் தோதில்லை, ஆராய்ச்சிக்கு அனுப்புவோம் என்றார்கள். எங்கே என்று அவள் கேட்கவில்லை. அந்தச் சுற்றுவட்டாரத்தில் கணையம் கேட்கிற ஆய்வகம் எத்தனை இருந்துவிடப் போகிறது?

ஒரு வாரம் கழித்து வேலைக்குத் திரும்பினாள். பெட்டியைத் திறந்தாள். நடுத் தட்டில் புதிதாக ஒரு வட்டக் கிண்ணம். மேலே ஒட்டியிருந்த சீட்டில் பெயர் இல்லை, பெயர் எழுதுவது வழக்கமும் இல்லை. ஆண், முப்பத்து நாலு, விபத்து, ரத்த வகை, தேதி, பதினொன்று நாற்பது.

உறவுக்காரர் கொடுத்த செல்லை உறவுக்காரர் தொடக்கூடாது என்பது ஆய்வகத்தின் விதி. விதியை எழுதிய மூன்று பேரில் அவளும் ஒருத்தி. அவள் கிண்ணத்தை எடுத்து மைக்ராஸ்கோப்பின் அடியில் வைத்தாள். மணல் மணலாக, மங்கலான உருண்டைகள். கண்ணீர் விழுந்து கிண்ணம் கெட்டுவிடக்கூடாதே என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் கை கழுவினாள், தீனி மாற்றினாள். அது தம்பி என்று யாரிடமும் சொல்லவில்லை.

பேராசிரியரின் திட்டம் இதுதான். கணைய செல் இன்சுலின் செய்யும், ஆனால் பெருகாது. சில வாரங்களில் செத்துப்போகும். எலியின் புற்றுநோய் செல் ஒன்றுக்கும் உதவாது, ஆனால் சாகாது. தீனி போடப் போடப் பெருகிக்கொண்டே இருக்கும். இரண்டையும் ஒட்டவைத்தால் சாகாமல் இன்சுலின் செய்கிற கலப்பு செல் கிடைக்கும். ஆனால் கலப்பு செல்லுக்கு ஒரு குணம். பெருகப் பெருக மனிதக் குரோமோசோம்களை ஒவ்வொன்றாக வெளியே தள்ளும். எலியினுடையவை மட்டும் அசையாமல் உட்கார்ந்திருக்கும். இன்சுலின் செய்முறை எழுதியிருப்பது பதினோராவது குரோமோசோமில். அந்தச் செய்முறையைத் திறந்து வாசிக்க வைக்கிறது வேறு ஏதோ. அது எதில் இருக்கிறது? எது போனபோது இன்சுலின் நின்றது என்று குடுவை குடுவையாகப் பார்த்துக்கொண்டே வந்தால் பிடித்துவிடலாம். அவருக்குப் போவதுதான் விடை. ஒரு குரோமோசோம் போனால் அவர் முகம் மலரும்.

ஒட்டவைக்கிற நாளில் சிரிஞ்சைப் பிடித்தது அக்கா. அவளைப்போல் கை நடுங்காதவர் அங்கே யாரும் கிடையாது. அன்று நடுங்கியது. கலவையை உறிஞ்சி எடுத்த ஊசி கையுறையைத் துளைத்து இடது கட்டைவிரலின் அடியில் இறங்கியது. சுருக்கென்று ஒரு வலி, அவ்வளவுதான். உள்ளே கொஞ்சம் போயிருக்கும்.

ஊசி குத்தினால் சிவப்பு அட்டை நோட்டில் எழுத வேண்டும். எழுதினால் ரத்தம் எடுப்பார்கள், செல்லோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள், கூடப்பிறந்தவள் என்று தெரிந்துவிடும். அந்த அறைக்குள் அப்புறம் அவளை விடமாட்டார்கள். அக்கா கையுறையை மாற்றிக்கொண்டாள். இருபது வருஷமாக மற்றவர்களை அந்த நோட்டின் முன்னால் இழுத்து உட்காரவைத்தவள், தன் முறை வந்தபோது நோட்டு இருந்த பக்கமே திரும்பவில்லை.

பன்னிரண்டு குடுவைகளில் கலப்பு செல்கள் பிடித்தன. வாரம் ஒரு முறை ஒவ்வொன்றிலும் எந்தெந்த மனிதக் குரோமோசோம் மிச்சம் என்று பார்த்து வெள்ளைப் பலகையில் எழுதினார்கள். மற்றவர்களுக்கு அது எண்கள் இருக்கும் பட்டியல். அவளுக்கு வேறு. மூன்றாம் குடுவையில் நாலும் ஒன்பதும் போய்விட்டன என்று படித்தால், அன்று முழுக்க யாரிடமும் பேசமாட்டாள். ஏழாம் குடுவைதான் பிடிவாதமாக இருந்தது. பதினொன்றை விடாமல் வைத்துக்கொண்டு, எல்லாவற்றையும்விட அதிகமாக இன்சுலின் கொட்டியது.

அதற்கு மட்டும் அவள் ஒன்றேகாலுக்குத் தீனி மாற்றினாள். "இந்தா, வந்துட்டேன். முறைக்காதே," என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே ஊற்றுவாள். அறையில் வேறு யாராவது இருந்தால் மனசுக்குள் சொல்வாள்.

இந்தச் செல்களின் உறையவைத்த பிரதிகளும் இருந்தன. ஒரு நாள் இரண்டை உருக்கிப் பார்த்தார்கள், ஒன்றுகூடப் பிழைக்கவில்லை. ஆக, மிச்சம் பெட்டிக்குள் இருந்ததுதான்.

மூன்றாவது மாதத்தில் அவளுக்குப் பசிக்கத் தொடங்கியது.

முதலில் வாரத்துக்கு ஒரு முறை. ஊசி போட்டுக்கொள்கிறவர்களுக்குச் சர்க்கரை இறங்குவது புதிதில்லை. நாக்கு மரத்துப்போகும், வேர்க்கும், விரல் நடுங்கும், வயிற்றுக்குள் யாரோ தட்டுவது போல இருக்கும். பையில் எப்போதும் சர்க்கரை வைத்திருப்பாள். சாப்பிட்டால் கால் மணி நேரத்தில் சரியாகிவிடும். இப்போது ஊசியின் அளவைக் குறைத்தாள். எட்டு யூனிட் ஆறாயிற்று, ஆறு மூன்றாயிற்று. துக்கத்தில் உடம்பு இப்படித்தான் ஏதாவது செய்யும் என்று நினைத்துக்கொண்டாள். ஆனால் துக்கத்தில் யாரும் இரண்டு ஆள் சாப்பாடு சாப்பிட்டு அவள் பார்த்ததில்லை. சாப்பாட்டு அறைக்கு ஒரு டப்பாவுக்குப் பதில் இரண்டு டப்பா கொண்டுவந்தாள். முப்பது வருஷத் தராசு சமையலறை அலமாரியின் மேல்தட்டுக்குப் போயிற்று.

பசி வருகிற நேரத்தை அவள் கவனிக்காமல் இருக்கப் பார்த்தாள். கவனிக்காமல் இருக்க முடிகிற நேரமா அது? கை நடுங்கும்போதெல்லாம் எதிரே சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் மூன்றில் நின்றது, சின்ன முள் ஒன்றைத் தாண்டி நின்றது.

இடது கட்டைவிரலின் அடியில் மிளகு அளவில் ஒரு முடிச்சு இருந்தது. தொட்டால் வலிக்காது. மதியத்தில் மட்டும் லேசாகச் சூடு தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் தம்பி மனைவி வருவாள். இருவருக்கும் பேசுவதற்கு ஒரே ஆள்தான் இருந்தான். அவனைப் பற்றிப் பேசினால் அழுகை வரும் என்பதால் பெரும்பாலும் பேசாமல் சாப்பிட்டுவிட்டு, பாத்திரம் கழுவிவிட்டுப் போவாள். அன்றும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தார்கள். ரொட்டியும் அவித்த முட்டையும் உருளைக்கிழங்கும் மேசையில் இருந்தன. தம்பி மனைவி ஏதோ வீட்டு வாடகைக்காரரைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தவள் பாதியில் நிறுத்தினாள்.

அக்கா ரொட்டியின் நடுவிலிருந்த மெத்தென்ற பாகத்தை மட்டும் பிய்த்து எடுத்து, சர்க்கரையில் புரட்டி, வாய்க்குள் போட்டுக்கொண்டிருந்தாள். ஓரங்களைத் தட்டின் விளிம்பில் சதுரமாக அடுக்கி வைத்திருந்தாள். அடுக்கியது இடது கை. அவள் இடது கையால் எதையும் செய்கிறவள் இல்லை.

"மெதுவா சாப்பிடுங்க. யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க," என்றாள் தம்பி மனைவி.

சொல்லிவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். பத்து வருஷம் தினமும் ஒருவனிடம் சொன்ன வாக்கியம் அது. வேறு யாரிடமும் சொன்னதில்லை.

"பசி," என்றாள் அக்கா.

"அக்கா, நீங்க சர்க்கரை சாப்பிடலாமா?"

"இப்பல்லாம் சாப்பிட்டாத்தான் நிக்க முடியுது."

தம்பி மனைவி அந்த ரொட்டி ஓரங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவனும் அவற்றைக் கடைசியில்தான் தின்பான், ஒவ்வொன்றாக, கணக்குத் தீர்ப்பவனைப் போல. அக்கா கடைசியாக அவற்றை எடுத்தாள். முதல் ஓரத்தை வாயில் வைத்ததும் தம்பி மனைவி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தாள். பாத்திரம் கழுவாமலே போனாள். அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் வரவில்லை, போன் மட்டும் செய்தாள், அதுவும் ஒரு நிமிஷத்துக்கு மேல் நீளவில்லை.

அடுத்த வாரம் அக்கா ஊசியை அறவே நிறுத்திப் பார்த்தாள். முப்பது வருஷத்தில் முதல் தடவை. நிறுத்தினால் சர்க்கரை ஏறி ஆளைச் சாய்க்க வேண்டும். இறங்கியது.

ஏழாம் குடுவை ஐந்தாவது மாதத்தில் போயிற்று. ஒரு வாரம் பதின்மூன்று போனதும் இன்சுலின் நின்றது, அடுத்த திங்கட்கிழமை பார்த்தபோது பதினொன்றும் இல்லை. பேராசிரியர் பலகையில் வட்டம் போட்டுவிட்டு, "பிடிச்சாச்சு அக்கா. பன்னிரண்டும் ஒரே கதை சொல்லுது," என்றார். கட்டுரைக்கு வேண்டியது கிடைத்துவிட்ட சந்தோஷம் அவருக்கு. அவளுடைய முகத்தைப் பார்த்துவிட்டு, "என்ன, உடம்பு சரியில்லையா?" என்றார்.

"ஒண்ணுமில்ல சார்," என்றாள். குடுவைக்குள் எலி செல்கள் கொழுகொழுவென்று பெருகி நின்றன. அவற்றுக்கும் தீனி போட வேண்டும். போட்டாள். தம்பி இரண்டாவது தடவையும் போய்விட்டான், இந்தத் தடவை அவள் கைபடவே போய்விட்டான் என்று அவளுக்கு நெஞ்சு எரிந்தது.

கட்டுரைக்குக் கடைசியாக ஒரு சோதனை பாக்கி. பன்னிரண்டு குடுவையிலும் சி-பெப்டைட் அறவே இல்லை என்று ஒரே தட்டில் காட்ட வேண்டும். அது இருந்தால் குழியில் நீலம் ஏறும். எவ்வளவு இருக்கிறதோ அவ்வளவு நீலம். போன வருஷம் எடுத்து வைத்த பூஜ்யக் குப்பிகள் தீர்ந்துபோயிருந்ததால் அக்கா அன்று காலையில்தான் புதிதாக ரத்தம் கொடுத்திருந்தாள். சொட்டுச் சொட்டாக விட்டாள், நேரம் வைத்தாள், கழுவினாள், கடைசித் திரவத்தை ஊற்றினாள். பேராசிரியர் பக்கத்தில் வந்து நின்றார்.

பன்னிரண்டு குழியும் தண்ணீர் மாதிரி நின்றன. கடைசிக் குழியில் மட்டும் நீலம் ஏறியது. பார்த்துக்கொண்டிருக்கும்போதே மையாகக் கறுத்தது.

"வரிசை மாறிடுச்சு," என்றார் பேராசிரியர்.

"மாறல சார்."

"மாறாம எப்படி? அது உங்க குழி."

மறுபடியும் செய்தார்கள். இந்தத் தடவை அவரே சொட்டு விட்டார், அவளைத் தொடவிடவில்லை. அதே நீலம். கடையிலிருந்து வருகிற ஊசி மருந்தில் அந்தத் துண்டு இருக்காது என்பது இருவருக்குமே தெரியும். அது உடம்புக்குள் செய்தால்தான் வரும். ஒரு வாரம் கழித்துப் புது ரத்தம் எடுத்துப் பார்த்தார், இரண்டு மடங்காகியிருந்தது. வாழ்நாள் முழுக்க எல்லோரிடமும் பூஜ்யம் கேட்ட மனிதர், அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு சாப்பாட்டு அறை வாசலில் வந்து நின்றார். அக்கா முதல் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியாம என்ன நடந்துச்சு?" என்று கேட்டார்.

அவள் இடது கையை மேசைமேல் மலர்த்தி வைத்தாள். மிளகு இப்போது பட்டாணி ஆகியிருந்தது. எல்லாவற்றையும் சொன்னாள், சீட்டில் இருந்த நேரத்தை, ஊசியை, எழுதாத நோட்டை. அவர் கோபப்படுவார் என்று எதிர்பார்த்தாள். அவர் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து முடிச்சை விரலால் தொட்டுப் பார்த்தார். சட்டென்று விரலை எடுத்துக்கொண்டார்.

"எலி செல் மனுஷ உடம்புல ஒரு வாரம் தாங்காது. உடம்பு அதைக் கொன்னுடும்," என்றார், தனக்கே சொல்லிக்கொள்வதைப் போல.

"எலி போயிருக்கும் சார். குடுவையில எலி தங்குச்சு, அவன் போயிட்டான். இங்க எலி போயிடுச்சு, அவன் தங்கிட்டான். கூடப்பிறந்தவன்தானே, என் உடம்பு அவனை எதுக்கு விரட்டும்?"

"அப்படின்னா அது பெருகக்கூடாது. பெருகுதுன்னா எலிகிட்டருந்து எதையோ வாங்கி வெச்சிருக்கு. நிக்கவே நிக்காது அக்கா. இப்ப இரண்டு மடங்கு. அடுத்து நாலு. சர்க்கரை இருக்கோ இல்லையோ இன்சுலினைக் கொட்டிக்கிட்டே இருக்கும். ரெண்டு மாசத்துல தூங்கப் போனவங்க எழுந்திருக்க மாட்டீங்க." எழுந்து போய் டாக்டரோடு போனில் பேசிவிட்டு, ஆஸ்பத்திரிப் படிவம் ஒன்றோடு திரும்பி வந்தார். "சின்ன முடிச்சு. வெட்டி எடுத்தா அரை மணி நேர வேலை. வியாழக்கிழமை காலைக்கு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன். இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க போதும்."

அறுவைச் சிகிச்சைக்குச் சம்மதிக்கிற படிவம் அது. அதே ஆஸ்பத்திரி, அதே மஞ்சள் காகிதம். போன தடவை அதில் தம்பி மனைவி கையெழுத்துப் போட்டாள், அக்கா இடத்தைக் காட்டினாள்.

"எடுத்ததை என்ன பண்ணுவீங்க?" என்று கேட்டாள்.

அவர் பொய் சொல்லத் தெரியாத மனிதர்.

"பார்க்கணும் இல்லையா," என்றார். "எப்படி உயிரோட இருக்குன்னு பார்க்கணும். பன்னிரண்டு குடுவையில முடியாதது இது."

குடுவையில் போடுவார்கள். தீனி ஊற்றுவார்கள். ஒவ்வொன்றாக வெளியே போவதைப் பலகையில் எழுதுவார்கள்.

"சாப்பிட்டுட்டு வந்து போடறேன் சார்," என்றாள்.

அவர் படிவத்தையும் பேனாவையும் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். போகும்போது வாசலில் நின்று ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். பார்த்தது அவளுடைய முகத்தை அல்ல, கையை.

அக்காவுக்குப் பயமாக இருந்தது. இல்லையென்று சொன்னால் பொய். கூடவே, இந்த ஐந்து மாதத்தில் இல்லாத ஒரு சந்தோஷமும் இருந்தது. இரண்டில் சந்தோஷம்தான் பெரிதாக இருந்தது, அதை நினைக்கத்தான் அவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

மணி ஒன்றேகால் ஆயிற்று. கட்டைவிரலின் அடியில் சூடு ஏறியது. கை நடுங்கியது, காது எரிந்தது. முதல் டப்பாவைக் காலி செய்தாள், இரண்டாவதையும் காலி செய்தாள். விரலைக் குத்திச் சர்க்கரையை அளந்து பார்த்தாள், எழுபதுக்குக் கீழே இறங்கக்கூடாது. ஐம்பத்து நாலு. மூன்று ஸ்பூன் சர்க்கரை, கால் மணி நேரம் பொறுக்க வேண்டும். ஒன்பது வயதில் கற்றுக்கொடுத்த பாடம், முப்பது வருஷமாகத் தவறாத பாடம். ஆய்வகத்துச் சர்க்கரை டப்பாவை எடுத்து வந்தாள். வைக்க இடம் தேடாமல் படிவத்தின் மேலேயே வைத்தாள். மூன்று ஸ்பூன் சாப்பிட்டாள். பொறுத்தாள். மறுபடியும் அளந்தாள்.

ஐம்பத்து ஒன்று.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. மூன்று ஸ்பூன் அவனுக்கு எந்தக் காலத்தில் போதும்?

"இருடா, போடறேன்," என்று சொல்லிவிட்டு, ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டு, இடது கையால் டப்பாவைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டாள்.